திருச்சியில் மவுஸ், கீரனூரில் அம்புக்குறி

(சொற்பொழிவின் எழுத்து வடிவம். இடம்: கீரனூர், புதுக்கோட்டை மாவட்டம்)



மாதத்தின் 20-ஆம் தேதி நெருங்கினால் கீரனூர்க் கடைவீதியில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஹார்டுவேர் கடையோ உரக்கடையோ, கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் முன்னால் ஆளே இருக்காது. ஆனால் திரையில் அம்புக்குறி தானாக நகரும். டாலி என்ற கணக்கு மென்பொருள் திறக்கும். கொள்முதல் பில்கள் ஒவ்வொன்றாக வந்து போகும். கடைக்காரர் ஆணியை எடை போட்டபடியே ஓரக்கண்ணால் அதைப் பார்த்துக்கொள்வார். ஏறக்குறைய 30 கிலோமீட்டருக்கு அப்பால், திருச்சியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் இளைஞரின் கைதான் அந்த அம்புக்குறியை நகர்த்துகிறது. ஜிஎஸ்டி வரிக்கான ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்குக் கடைசி நாள். பஸ் ஏறி வர நேரமில்லை. "அண்ணே, நம்பர் சொல்லுங்க" என்று போனில் கேட்பார். கடைக்காரர் திரையில் இருக்கும் எண்ணை வாசிப்பார். வேலை தொடங்கிவிடும்.

இந்த வசதிக்கு ரிமோட் டெஸ்க்டாப் என்று பெயர். விண்டோஸ், மேக், லினக்ஸ் எதுவானாலும் எல்லாம் ஒன்றுதானே என்று பலரும் நினைக்கிறார்கள். ஒன்றல்ல. ஒவ்வோர் இயங்குதளமும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு தேவைக்காகப் பிறந்தது. தூரத்திலிருந்து வருகிறவரை அது எப்படி உள்ளே விடுகிறது என்பதில் அந்தப் பிறப்பின் தடம் இன்றும் இருக்கிறது. வேகம், படத்தின் தெளிவு எல்லாம் பிறகு. முதல் வேறுபாடு இதுதான்: வெளியூர்க்காரர் உள்ளே வந்து வேலை பார்க்கும்போது, கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரருக்கு அது தெரிகிறதா, தெரியவில்லையா?

தூரத்து இயந்திரத்தை இங்கிருந்து இயக்குவது தமிழ்நாட்டுக்குப் புதியதல்ல. ரயில் முன்பதிவு கவுண்டரில் நின்றவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தவர்களே. 1980-களின் நடுவில் டெல்லியில் தொடங்கிய கணினி முன்பதிவு பிறகு சென்னை உள்ளிட்ட பெருநகர மையங்களுக்கு வந்தது. கவுண்டரில் இருந்த பெட்டிக்குச் சொந்த மூளை கிடையாது. விசையைத் தட்டினால் அது மையத்துக்குப் போகும். அங்கிருந்து எழுத்துகள் திரும்பி வரும். எழுத்து மட்டும் என்பதால் மெதுவான தொலைபேசிக் கம்பியே போதுமானதாக இருந்தது. சிக்கல் தொடங்கியது படம் வந்த பிறகுதான்.

எவ்வளவு சிக்கல் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். இன்றைய சாதாரணத் திரையில் அகலத்தில் 1920 புள்ளிகள், உயரத்தில் 1080. ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 3 பைட். ஒரே ஒரு முழுத் திரை 62 லட்சம் பைட்டுகளுக்கு மேல் வரும். விநாடிக்கு 10 மெகாபிட் இணைப்பில் இதை அப்படியே அனுப்பினால் ஒரு திரை வந்து சேர 5 விநாடி ஆகும். மவுஸை நகர்த்திவிட்டு 5 விநாடி காத்திருந்தால் யாராலும் கணக்கு எழுத முடியாது. ஆகவே அப்படியே அனுப்பக் கூடாது. வேறு எப்படி அனுப்புவது? இந்தக் கேள்விக்கு மூன்று குழுக்கள் மூன்று விடைகள் கண்டன. அவற்றைப் புரிந்துகொள்ள மார்கழிக் கோலத்தைவிட நல்ல உதாரணம் இல்லை.

வெளியூரில் இருக்கும் மகள் வாசலில் கோலம் போட வேண்டும். கீரனூரில் இருக்கும் அம்மாவுக்குத்தான் கோலம் தெரியும். முதல் வழி, போனில் சொல்லிக்கொண்டே போவது. "15 புள்ளி, 8 வரை, சந்துப் புள்ளி வை. நடுவிலிருந்து இடப்பக்கம் வளை." மகள் தன் மாவில், தன் வாசலில் போடுவாள். இரண்டாவது வழி, அம்மா தானே போட்டுப் படம் எடுத்து அனுப்புவது. மூன்றாவது வழி, சில கோல அச்சுகளை முன்கூட்டியே மகளிடம் கொடுத்துவிட்டு, "மூன்றாம் அச்சை இங்கே வை, ஐந்தாம் அச்சை அங்கே வை" என்று மட்டும் சொல்வது.

முதல் வழி யூனிக்ஸ் உலகத்தின் வழி. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், வெவ்வேறு நிறுவனங்கள் செய்த கம்ப்யூட்டர்களை ஒரே வளாகத்தில் சேர்த்து இயக்க வேண்டியிருந்தது. அதற்காக 1984-இல் ராபர்ட் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் எக்ஸ் விண்டோ அமைப்பைத் தொடங்கினார்கள். 1987-இல் வந்த அதன் 11-ஆம் பதிப்பு, எக்ஸ்11 என்ற பெயரில் லினக்ஸில் இன்னும் உயிரோடு இருக்கிறது. நிரல் எங்கோ ஓடும். கோடு போடு, கட்டம் வரை என்ற கட்டளைகள் மட்டும் பார்ப்பவரின் மேசைக்கு வரும். முழு டெஸ்க்டாப்பையும் கொண்டுவர வேண்டியதில்லை. ஒரே ஒரு சன்னலை மட்டும் வரவழைக்கலாம். புதிதாகக் கற்பவர்களைக் குழப்பும் ஒன்றும் இதில் உண்டு. இந்த அமைப்பில் சர்வர் என்பது பார்ப்பவரின் மேசையில் இருப்பது. வரைந்து கொடுக்கும் சேவையை அதுதான் செய்கிறது. தூரத்து நிரல் அதன் வாடிக்கையாளர்.

தமிழுக்கு இதில் ஒரு தனிக் கதை இருக்கிறது. சொல்லச் சொல்லக் கோலம் போடும் முறையில், மாவு மகளிடம் இருக்க வேண்டும் அல்லவா? பழைய எக்ஸ் முறையில் எழுத்துருவும் அப்படித்தான். "இந்த இடத்தில் இந்த எழுத்தை எழுது" என்ற கட்டளைதான் வரும். எழுத்துரு பார்ப்பவரின் கம்ப்யூட்டரில் இருந்தாக வேண்டும். தூரத்துக் கம்ப்யூட்டரில் எத்தனை அழகான தமிழ் எழுத்துரு இருந்தாலும் பயனில்லை. 2000-க்குப் பிறகு, நிரல் ஓடும் இடத்திலேயே எழுத்தை வரைந்து வடிவமாக அனுப்பும் ஏற்பாடு எக்ஸில் சேர்ந்தபோதுதான் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. விண்டோஸிலும் மேக்கிலும் தொடக்கம் முதலே வடிவம்தான் வரும். தமிழ் எழுத்துருவே இல்லாத கம்ப்யூட்டரில் உட்கார்ந்தும் தூரத்துத் தமிழைப் படிக்க முடிவது அதனால்தான்.

சொல்லச் சொல்லப் போடுவதில் இன்னொரு சங்கடம், நடுநடுவே ஏதாவது கேள்வி கேட்டு, பதில் வந்த பிறகே அடுத்ததைச் சொல்வது. ஒரே கட்டடத்துக்குள் என்றால் அது உறுத்தாது. ஊர் தாண்டினால் ஒவ்வொரு கேள்விக்கும் பதிலுக்கும் நேரம் கரைந்து, சன்னல் திறக்கவே காத்திருக்க நேரும். வளாகத்துக்காகப் பிறந்தது வளாகத்துக்கு வெளியே திணறியது.

இரண்டாவது வழி, படம் எடுத்து அனுப்புவது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஒலிவெட்டி ஆய்வகத்தில் பிறந்த வி.என்.சி. இந்த வகை. 1998-இல் அதைத் திறந்த மூலமாக, எல்லாருக்கும் இலவசமாக வெளியிட்டார்கள். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான குவென்டின் ஸ்டாஃபர்ட்-ஃப்ரேசருக்கு எட்ட இருந்து பார்ப்பதில் பழைய ஈடுபாடு உண்டு. 1991-இல் கேம்பிரிட்ஜ் கணினி ஆய்வகத்தில், காபிப் பாத்திரத்தில் காபி இருக்கிறதா என்று இருந்த இடத்திலிருந்தே பார்க்கக் கேமரா வைத்தவர்களில் அவரும் ஒருவர்.

வி.என்.சி.யின் பலம் அதன் எளிமை. திரையைச் சதுரங்களாகப் பிரித்து, மாறிய சதுரங்களை மட்டும் அனுப்பும். திரையில் இருப்பது எந்த நிரல், எந்த எழுத்து என்று அதற்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அதனால் எந்த இயங்குதளத்திலும் ஓடும். விலை என்னவென்றால், படம் அதிகம் மாறினால் இணைப்பு திணறும். பழைய வி.என்.சி.யில் பாதுகாப்பும் குறைவு. கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துகளைத்தான் அது கணக்கில் எடுக்கும். திரையின் படம் மறையாக்கம் இல்லாமல் கம்பியில் போகும்.

ஆப்பிள் தேர்ந்தெடுத்தது இந்த வழியைத்தான். 2007-இல் வந்த லெப்பர்டு பதிப்பிலிருந்து மேக்கில் திரைப் பகிர்வு உள்ளேயே இருக்கிறது. அதன் அடித்தளம் வி.என்.சி. மேக்கில் இந்த வசதிக்காக உயர்ந்த பதிப்பு வாங்க வேண்டியதில்லை. எந்த மேக்கிலும் உண்டு. உள்ளே வருபவரும் முன்னால் இருப்பவரும் ஒரே திரையைப் பார்ப்பார்கள், ஒரே அம்புக்குறியைப் பிடித்து இழுப்பார்கள். 2011-இன் லயன் பதிப்பிலிருந்து, வேறொரு கணக்குள்ளவர் தன் சொந்தத் திரையைத் தனியாகத் திறந்துகொள்ளும் வழியும் வந்தது. 2019-இன் கேட்டலினா முதல், வெளி ஆப் ஒன்று திரையைப் பார்க்க வேண்டுமானால் சொந்தக்காரர் அமைப்புகளுக்குள் போய்த் தனியாக அனுமதி தர வேண்டும். மகன் போனில் சொல்லச் சொல்ல அந்த அனுமதியைத் தேடி அலுத்துப்போன பெற்றோர் பலர் உண்டு. அலுப்பாக இருந்தாலும் அது நல்ல தடுப்பு.

மூன்றாவது வழி விண்டோஸுடையது. விண்டோஸ் ஒரு மேசைக்கு ஓர் ஆள் என்ற எண்ணத்தில் வளர்ந்தது. ஒரே கம்ப்யூட்டரில் பலர் தனித்தனியாக நுழையும் வழியை அதற்குக் கொண்டுவந்தது சிட்ரிக்ஸ் என்ற இன்னொரு நிறுவனம். 1995-இல் அது வின்ஃபிரேம் என்ற பெயரில், விண்டோஸ் என்.டி.யை மாற்றி அமைத்து விற்றது. மைக்ரோசாஃப்ட் 1997-இல் அந்தத் தொழில்நுட்பத்துக்கு உரிமம் பெற்று, 1998-இல் விண்டோஸ் என்.டி. 4.0 டெர்மினல் சர்வர் பதிப்பை வெளியிட்டது. ஆர்.டி.பி. என்னும் நெறிமுறை அப்போது வந்தது. 2001-இல் எக்ஸ்பி புரொஃபஷனல் வழியாக அது சாதாரண மேசைக் கம்ப்யூட்டருக்கும் வந்து சேர்ந்தது. எழுத்து வடிவங்களையும் சிறு படங்களையும் ஒருமுறை அனுப்பிவிட்டு, பிறகு "இன்ன அச்சை இன்ன இடத்தில் வை" என்று சொல்வது அதன் பழைய உத்தி. மெதுவான இணைப்பிலும் டாலி போன்ற நிரல் அதில் சரளமாக ஓடுவது அதனால்தான். பின்னால் வந்த பதிப்புகள் வீடியோ சுருக்கத்தையும் சேர்த்துக்கொண்டன.

இனி, கடைக்காரருக்கு முக்கியமான விஷயம். திருச்சிக்காரர் ஆர்.டி.பி. வழியாக உள்ளே வந்தால், கீரனூர்த் திரை பூட்டிக்கொள்ளும். கடைக்காரருக்குத் தெரிவது பூட்டுத் திரை மட்டுமே. உள்ளே என்ன நடக்கிறது என்று அவரால் பார்க்க முடியாது. அவர் தன் கடவுச்சொல்லைப் போட்டுத் திரையைத் திறந்தால், திருச்சிக்காரரின் இணைப்பு அறுந்துபோகும். ஒரு நேரத்தில் ஒருவர் என்பது சாதாரண விண்டோஸின் விதி. பலர் ஒரே நேரத்தில் வர வேண்டுமானால் சர்வர் பதிப்பும் அதற்கான உரிமங்களும் வேண்டும். விண்டோஸ் ஹோம் பதிப்பில் இன்னொரு குறை: அதிலிருந்து வெளியே போகலாம், அதற்குள் ஆர்.டி.பி. வழியாக யாரும் வர முடியாது. கடைகளிலும் வீடுகளிலும் ஹோம் பதிப்பு இருக்கும்போது, இந்த வசதி மெனுவில் தேடியும் கிடைப்பதில்லை.

இயங்குதளங்களின் இந்த வேறுபாட்டை ஒரே மடியில் வைத்துப் பார்க்கத் தமிழ்நாட்டில் ஒரு வாய்ப்பு இருந்தது. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இந்திய இயங்குதளம். கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதைப் பொறுத்து, ஒரே இயந்திரம் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். பெரும்பாலான மாணவர்கள் விண்டோஸ் பக்கத்தை மட்டுமே திறந்தார்கள். மறுபக்கம் திறக்கப்படாமலே போனது. அது ஒரு பெரிய இழப்பு. ஒரே வேலையை இரண்டு விதமாகச் செய்யலாம் என்று கைப்பழக்கமாகத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடக் கருவி அந்தத் தலைமுறைக்குக் கிடைத்திருக்காது.

லினக்ஸ் இப்போது முதல் வழியை விட்டு விலகிக்கொண்டிருக்கிறது. எக்ஸில், உள்ளே வந்துவிட்ட ஒரு நிரல் மற்ற நிரல்களின் சன்னல்களை எட்டிப் பார்க்க முடியும். தட்டும் விசைகளைக்கூட ஒட்டுக்கேட்க முடியும். எக்ஸுக்கு மாற்றாக 2008-இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்ட் அந்தக் கதவை அடைத்தது. அதில் ஒரு நிரலுக்குத் தன் சன்னல் மட்டுமே சொந்தம். திரை முழுவதையும் பகிர வேண்டுமானால் சொந்தக்காரரைக் கேட்டாக வேண்டும். பழைய ரிமோட் கருவிகள் வேலண்டில் கறுப்புத் திரை காட்டியது பலரைக் கோபப்படுத்தியது; அது பழுதல்ல, வேண்டுமென்றே வைத்த பூட்டு. லினக்ஸ் டெஸ்க்டாப்களில் ஒன்றான க்னோமின், 2022-இல் வந்த 42-ஆம் பதிப்பு தன் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு மைக்ரோசாஃப்டின் ஆர்.டி.பி.யையே எடுத்துக்கொண்டது. 2024-இன் க்னோம் 46-இல், முன்னால் யாரும் நுழைந்திராத கம்ப்யூட்டரிலும் தூரத்திலிருந்து புதிதாக நுழைய முடிகிறது. விண்டோஸில் பிறந்த மொழியை லினக்ஸ் பேசத் தொடங்கிவிட்டது.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் பழகியவர், தூரத்துக் கம்ப்யூட்டரில் தட்டும்போது எழுத்துகள் குழம்பி வருவதைக் கண்டிருப்பார். ஆர்.டி.பி. பெரும்பாலும் எந்த விசை தட்டப்பட்டது என்பதை, அதாவது விசையின் இடத்தை அனுப்புகிறது. வி.என்.சி.யோ என்ன எழுத்து என்பதை அனுப்புகிறது. ஆகவே இங்கேயும் தமிழ், அங்கேயும் தமிழ் என்று வைத்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இங்கே விசைப்பலகையை ஆங்கிலத்தில் விட்டுவிட்டு, தூரத்துக் கம்ப்யூட்டரில் மட்டும் தமிழ்99-ஐ இயக்கினால் பெரும்பாலும் சிக்கல் தீரும்.

அப்படியானால் கீரனூர்க் கடையில் நடப்பது இந்த மூன்றில் எது? எதுவும் இல்லை. கடையின் இணைப்பு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கிறது. கைபேசி நெட் என்றால், ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து நேராக வந்து தட்டக் கதவு எண்ணே இல்லை. இந்த இடைவெளியில் நுழைந்தவை டீம்வியூவரும் (2005) எனிடெஸ்க்கும் (2014). இரண்டும் ஜெர்மனியில் பிறந்தவை. இருபுறமும் நடுவில் உள்ள சர்வரை நோக்கி வெளியே போய்ச் சந்திக்கின்றன. எண்ணைச் சொன்னால் அந்த சர்வர் இரண்டையும் கோர்த்துவிடுகிறது. ஹோம் பதிப்பா புரொஃபஷனலா, மேக்கா லினக்ஸா என்ற கேள்வியே எழுவதில்லை. திரை பூட்டிக்கொள்வதும் இல்லை. கடைக்காரர் எல்லாவற்றையும் பார்க்கிறார். ஊர்க் கடைகள் இதைத் தேர்ந்தெடுத்ததில் நியாயம் இருக்கிறது.

இதற்குப் பதிலாக, ரவுட்டரில் 3389 என்ற ஆர்.டி.பி. கதவைப் பொது இணையத்துக்கு நேராகத் திறந்து வைப்பது மோசமான வழி. 2019 மே மாதம் ப்ளூகீப் என்ற ஓட்டை தெரியவந்தபோது, ஆதரவை 2014-லேயே நிறுத்திவிட்ட எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. கடவுச்சொல்லே தெரியாமல் உள்ளே வர முடிகிற ஓட்டை அது. அலுவலகங்கள் ஆர்.டி.பி. பயன்படுத்துவதானால் வி.பி.என். என்னும் பாதுகாப்பான தனிப் பாதை வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும். இதில் சமரசம் கூடாது.

நம்பர் சொல்லும் எளிய வழியிலும் ஆபத்து இருக்கிறது. அது நிரலின் ஓட்டையால் வருவதல்ல, நம்பிக்கையின் வழியாக வருவது. "வங்கியிலிருந்து பேசுகிறேன், உங்கள் கேஒய்சி காலாவதியாகிவிட்டது" என்று ஒரு குரல் வரும். ஓர் ஆப்பைப் பதிவிறக்கச் சொல்லும். எண்ணைக் கேட்கும். 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, எனிடெஸ்க்கின் பெயரைக் குறிப்பிட்டே, இப்படி யுபிஐ வழியாகப் பணம் எடுக்கிறார்கள் என்று வங்கிகளை எச்சரித்தது. ஆடிட்டருக்கு உதவும் அதே கருவிதான். ஐபோனில் வெளி நிறுவன ஆப் திரையைப் பார்க்க மட்டுமே முடியும், இயக்க முடியாது என்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். பார்ப்பதே போதும், ஓடிபி திரையில்தான் வருகிறது. ஆண்ட்ராய்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக வைத்த அணுகல் அனுமதியை வாங்கிவிட்டால் தொடவும் முடியும்.

இந்த ஆபத்துக்கு விடை, கற்றுக்கொள்வதுதான்; அதற்கு இந்த மாவட்டமே முன்னுதாரணம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டம் நாட்டுக்கே ஒரு செய்தியானது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் ஊக்கம் கொடுக்க, அறிவொளி இயக்கத்தில் எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் கூடவே சைக்கிளும் கற்றார்கள். குவாரியில் வேலை செய்தவர்களும் வயலில் வேலை செய்தவர்களும் ஆயிரக்கணக்கில் ஓட்டினார்கள். பின்னால் உட்கார்ந்து போனவர்கள் ஹேண்டில்பாரைப் பிடித்தார்கள். இந்த மாவட்டத்தில் இன்று கற்றுத்தர வேண்டியது, நம் கம்ப்யூட்டரின் ஹேண்டில்பார் இந்த நிமிடம் யார் கையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழி. பள்ளியிலும் நூலகத்திலும் மகளிர் குழுக் கூட்டத்திலும் இதற்கு ஒரு மணி நேரம் போதும். திரை பூட்டிக்கொள்கிறதா, கூடவே தெரிகிறதா? இணைப்பு இருக்கும்போது திரையில் என்ன அடையாளம் தோன்றும்? அதை அறுக்க எங்கே தட்ட வேண்டும்? இந்த மூன்றையும் ஒருமுறை கையால் செய்து பார்த்தவர் மறக்க மாட்டார்.

இன்று வீட்டுக்குப் போனதும் கைபேசியையும் கம்ப்யூட்டரையும் திறந்து பாருங்கள். யாரோ உதவி செய்ய ஏற்றிய ரிமோட் ஆப் வேலை முடிந்த பிறகும் இருந்தால் நீக்கிவிடுங்கள். ஆடிட்டருக்காக வைத்திருப்பதானால், ஆள் இல்லாதபோதும் நுழைய விடும் நிரந்தரக் கடவுச்சொல் போட்டிருக்கிறதா என்று பார்த்து அதை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் நீங்களே அனுமதி கொடுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால், முதலில் நெட்டை அணையுங்கள். அடுத்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.